காப்புறுதி அட்டை வேறு, மாத்திரை அட்டை வேறு

சிங்கப்பூரில் வேலையில் சேர்ந்த சில நாளிலேயே மருத்துவக் காப்புறுதி அட்டை கைக்கு வந்துவிடும். பல நிறுவனங்களில் இப்போது அது கைப்பேசிச் செயலியில் ஒரு கியூஆர் குறி, அவ்வளவுதான். அதைக் காட்டிக் காய்ச்சல் மருந்து வாங்கலாம், எக்ஸ்ரே எடுக்கலாம். கருத்தடை மாத்திரைக்கு அதே அட்டையை நீட்டினால், முகப்பில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி கணக்குல வராது. கேஷா, நெட்ஸா?" என்று கேட்பார்.

காப்புறுதி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு, கருத்தடை சொந்தப் பைக்கு. இந்தக் கணக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஊரிலிருந்து வேலை அனுமதிச் சீட்டிலோ (வொர்க் பெர்மிட்), நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸிலோ, உயர்நிலைப் பணியாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ வந்திருப்பவர்களுக்கும், கணவனோடு சார்ந்தோர் பாஸில் வந்திருக்கும் மனைவியருக்கும் எந்தக் காப்பு கிடைக்கிறது, எந்த வழியில் கருத்தடை வாங்கினால் தொல்லை குறைவு என்று இங்கே எடைபோட்டிருக்கிறோம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு எல்லாம் உண்டு. அவர்கள் கணக்கு வேறு.

பாஸுக்கு ஏற்ற காப்பு

வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். மனிதவள அமைச்சின் கட்டாயம் அது. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் அறுவைக்கும் அது பொருந்தும். 2023 ஜூலை 1-க்கு முன்னால் இது வெறும் 15,000 வெள்ளி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் கிடந்தாலே கரைந்துபோகிற தொகை. இப்போது பில் 15,000 வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 75 விழுக்காட்டைக் காப்புறுதி நிறுவனமும் 25 விழுக்காட்டை முதலாளியும் ஏற்கவேண்டும். 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்படும் பாலிசிகளில் காப்புறுதி நிறுவனமே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டுகிறது. எதற்கெல்லாம் காப்பு இல்லை என்று எழுதும் விலக்கு வாசகங்களையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். பிரீமியத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இல்லப் பணிப்பெண்களுக்கும் இதே 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி உண்டு. அதோடு தனியாக 60,000 வெள்ளி விபத்துக் காப்புறுதியும் எடுக்கவேண்டும்.

கட்டுமானம், கப்பல் பட்டறை ஆகிய துறைகளில் இருப்போருக்கும் தங்குவிடுதியில் இருப்போருக்கும் 2022 ஏப்ரலிலிருந்து ஆரம்ப மருத்துவத் திட்டம் ஒன்று நடக்கிறது. நேரில் போனால் தொழிலாளி கட்டுவது 5 வெள்ளி, தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி. சளி, காய்ச்சல், இரத்த அழுத்தத்துக்கு நல்ல திட்டம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சம்பளம் அதிகம், ஆகவே காப்பும் அதிகம் என்று நினைப்பு. சட்டப்படி இந்தப் பாஸுக்கு முதலாளி எந்த மருத்துவக் காப்புறுதியும் எடுக்கவேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் குழுக் காப்புறுதி தருகின்றன. தருவது அவர்கள் விருப்பம், எவ்வளவு என்பதும் அவர்கள் விருப்பம். வேலையை விட்ட நாளோடு காப்பும் முடிகிறது. வேலை மாறும்போது இடையில் விழும் இரண்டு மூன்று வாரத்துக்குக் காப்பே இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மனைவி, பிள்ளைகளை அழைத்துவர மாத நிலைச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். அழைத்துவந்த பிறகு அவர்களுக்குக் காப்புறுதி எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. முன்பணம் கட்டச் சொல்வார்கள். ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே "குடும்பத்துக்கும் சேர்த்தா?" என்று எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாயால் சொல்லும் "யெஸ், கவர்டு" எந்தக் கவுண்டரிலும் செல்லாது.

பாலிசியில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது

வண்ண வண்ணமாக அச்சடித்த கையேட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு தாள் கேளுங்கள்: பலன் அட்டவணை, விலக்குப் பட்டியல். பலன் அட்டவணையில் மூன்று பகுதி இருக்கும்: மருத்துவமனை-அறுவை, பொது மருத்துவர், சிறப்பு மருத்துவர். மூன்றும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. முதல் பகுதி மட்டுமே உள்ளவருக்கு வெளிநோயாளிச் செலவு முழுக்கச் சொந்தப் பணம்.

விலக்குப் பட்டியலில் காண்ட்ராசெப்ஷன், பர்த் கன்ட்ரோல், ஸ்டெரிலைசேஷன் (குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை), இன்ஃபெர்டிலிட்டி (குழந்தையின்மை) என்ற நான்கு சொல்லும் வழக்கமாக ஒரே வரியில், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். மாத்திரை, ஊசி, காப்பர்-டி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை எல்லாம் அந்த ஒரே வரியில் அடிபட்டுப்போகும். மருந்துக்கு மட்டும்தான் விலக்கு, டாக்டர் கட்டணம் கம்பெனி தரும் என்றும் நினைக்கவேண்டாம். வந்த காரணமே கருத்தடை என்றால் முழு வருகையும் விலக்கில் விழும்.

நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. அதே மாத்திரையை மருத்துவர் நோய்க்குச் சிகிச்சையாக எழுதும்போது சில பாலிசிகள் பணம் தருகின்றன. அதிக இரத்தப்போக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் வெளியே வளர்வது), பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) போன்றவற்றுக்கு ஹார்மோன் மாத்திரையோ, மிரீனா என்ற ஹார்மோன் வளையமோ எழுதுவது வழக்கம்தான். அந்தத் தொல்லை உண்மையிலேயே இருந்தால் மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். நோயின் பெயரை அவர்தான் முடிவு செய்யவேண்டும். இல்லாத நோயை எழுதச் சொல்லிக் கெஞ்சுவது வேண்டாம். பொய்க் கோரிக்கை பிடிபட்டால் காப்பும் போகும், வேலையும் ஆட்டம் காணும்.

தனியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிப் பட்டியலில் உள்ள மருந்தகத்துக்கு (சிங்கப்பூர்த் தமிழில் மருந்தகம் என்றால் டாக்டர் இருக்கும் கிளினிக்) போய்க் கணக்கைக் கம்பெனி பெயரில் பதிந்தால் நோய்க்குறிப்பு காப்புறுதித் தரப்புக்குப் போகும். எப்படியும் பணம் கிடைக்கப்போவதில்லை என்னும்போது, பதிவு செய்யும்போதே "தனிக் கணக்கு" என்று சொல்லிவிடுவது மேல்.

காத்திருப்புக் காலமும் கருத்தடையும் கைகோக்கும் இடம்

பிரசவச் சிக்கல்களுக்குக் காப்பு தரும் பாலிசிகளில் 10 மாதக் காத்திருப்பு பரவலாக இருக்கிறது. முழு மகப்பேற்றுக் காப்புள்ள பன்னாட்டுத் திட்டங்களில் ஓராண்டும் அதற்கு மேலும் போகும். இந்த 10 மாதத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பாலிசி ஜனவரி 1-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "10 மாதம் கழித்து ஏற்படும் சிக்கல்" என்று வாசகம் இருந்தால் நவம்பர் முதல் வரும் சிக்கலுக்குப் பணம் கிடைக்கும். "காத்திருப்புக் காலம் முடிந்த பின் தரித்த கரு" என்று இருந்தால் நவம்பர் வரை கருத்தரிக்கவே கூடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கிட்டத்தட்ட முக்கால் வருட வித்தியாசம். குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் தம்பதியர் இந்த வாசகத்தைப் பார்த்த பிறகு கருத்தடைக் காலத்தை முடிவு செய்வது புத்திசாலித்தனம். முகவர் சொல்வதை நம்பவேண்டாம், பாலிசிப் பத்திரத்தின் பத்தி எண்ணைக் கேளுங்கள்.

ஊரில் ஏற்கெனவே எடுத்த பாலிசியை இங்கே வந்ததும் நிறுத்திவிடுவது நம்மவர்கள் செய்யும் இன்னொரு தவறு. சாதாரண இந்தியப் பாலிசி சிங்கப்பூர்ச் சிகிச்சைக்குப் பணம் தராது, உண்மைதான். ஆனால் நிறுத்தினால் பழைய நோய்களுக்கான காத்திருப்பு (அதிகபட்சம் 36 மாதம்) மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு அங்கே ஜிஎஸ்டியும் இல்லை. பெரிய அறுவை என்றால் பலரும் ஊருக்குத்தான் போகிறார்கள். ஆகவே புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.

புளோக் அடியில் இருக்கும் மருந்தகம்

கருத்தடை மாத்திரையை இங்கே மருந்துச் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி எதுவானாலும் சரி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) கிடைக்குமா என்று கடை கடையாக ஏறி இறங்குவது வீண் வேலை.

எளிய வழி, வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் அடியில் இருக்கும் பொது மருத்துவர். அங்கேயே பார்த்து அங்கேயே மருந்தையும் கொடுத்துவிடுவார்கள். ஃபின் எண்ணை (வெளிநாட்டவர் அடையாள எண்) கொடுத்துப் பதிந்தால், உள்ளே இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சில கேள்வி கேட்பார்கள்: புகைபிடிப்பீர்களா, வயது 35-ஐத் தாண்டியதா, ஒற்றைத் தலைவலி வரும் முன் கண்ணில் மின்னல் தெரியுமா, காலில் இரத்தம் உறைந்தது உண்டா, பாலூட்டுகிறீர்களா. இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை பொருந்தாமல் போகலாம். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலும் அதே கதை. வெட்கப்பட்டு "இல்லை, இல்லை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவதில்தான் ஆபத்து. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமாசெபின் அல்லது ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். அவை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

மாத அட்டை ஒன்று பெரும்பாலும் 20 முதல் 40 வெள்ளிக்குள் வரும், பிராண்டைப் பொறுத்தது. அதோடு ஆலோசனைக் கட்டணம், மருந்தகம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் 9 விழுக்காடு வரி. முதன்முறை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் தருவார்கள். ஒத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். ஆலோசனைக் கட்டணம் இரண்டு மூன்று முறை மிச்சமாகும். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கி வெளியே மருந்து வாங்கவும் உரிமை உண்டு. அதற்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்கள் மதிப்பீட்டில் மாத்திரைக்கும் ஊசிக்கும் இதுதான் முதல் தேர்வு.

பெயரை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

"ஓவ்ரால்-எல் இருக்கா?" என்று ஊர் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இங்கே இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு மருந்தின் பெயரும் எடையும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

ஊரில் அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் விற்கும் மாலா-டி, ஓவ்ரால்-எல் மூன்றும் ஒரே கலவை: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 மைக்ரோகிராம், எத்தினைல் எஸ்ட்ராடயால் 30 மைக்ரோகிராம். மைக்ரோகைனான் 30 என்ற பெயரில் வருவதும் இதேதான். நோவெலான் சாப்பிட்டவர்களுக்கு மார்வலான் (டெசோஜெஸ்ட்ரெல் 150, எத்தினைல் எஸ்ட்ராடயால் 30). ஃபெமிலான் சாப்பிட்டவர்களுக்கு மெர்சிலான் (150, 20). யாஸ்மின் இரண்டு ஊரிலும் யாஸ்மின்தான்: டிராஸ்பைரனோன் 3 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடயால் 30 மைக்ரோகிராம். மருந்தாளர் வேறு பெயரில் எடுத்துக் கொடுத்தாலும் இரண்டு பெயரும் இரண்டு எண்ணும் ஒத்தால் போதும்.

எண் ஒத்தும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. மாலா-டி அட்டையில் 28 மாத்திரை: 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு வெறும் இரும்புச்சத்து. இடைவெளி விடாமல் அட்டை முடிய முடிய அடுத்தது என்று பழகியவர் கையில் இங்கே 21 மாத்திரை மட்டும் உள்ள அட்டை வந்தால், ஏழு நாள் நிறுத்தி எட்டாம் நாள் புது அட்டை தொடங்கவேண்டும். எண்ண மறந்து ஒன்பது, பத்து நாள் விட்டுவிட்டால் பாதுகாப்பு போச்சு. நாட்காட்டியில் எட்டாம் நாளை வட்டமிடுங்கள், அல்லது 28 மாத்திரை அட்டையே வேண்டும் என்று கேளுங்கள். யாஸ் என்ற மாத்திரையில் கணக்கு இன்னும் வேறு: 24 மருந்து, 4 வெற்று.

செயலி வழி டாக்டர்

நேரில் போகக் கூச்சப்படுபவர்களுக்கும் ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கும் தொலைமருத்துவம் வசதி. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாகப் பதிவு, காணொளியில் பேச்சு, மாத்திரை வீட்டு வாசலுக்கு. ஏற்கெனவே ஒரு மாத்திரை ஒத்துக்கொண்டு, மறுபடி வாங்குவதற்கு மட்டும் என்றால் இதை மிஞ்ச வழியில்லை. முதன்முறை தொடங்குபவர்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். இரத்த அழுத்தத்தைச் செயலியால் பார்க்க முடியாது, "நார்மலா?" என்று கேட்டு நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும். சமீபத்தில் கருவியில் பார்த்த எண்ணைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள்.

மருத்துவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஒரு நிமிடம்கூட நீடிக்காத ஆலோசனைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 இறுதியில் ஒரு தொலைமருத்துவ நிறுவனத்தின் உரிமத்தையே சுகாதார அமைச்சு பறித்தது. கேள்வி எதுவும் கேட்காமல் மாத்திரை அனுப்புகிறவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

இன்னும் இரண்டு குறை. மாதச் சந்தாவில் சேர்ந்தால், நிறுத்தச் சொல்லும்வரை அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். ஊருக்கு விடுப்பில் போகும் மாதமும் பொட்டலம் வந்து வாசலில் கிடக்கும். அடுத்தது அந்த வாசல். ஓர் அறை வாடகைக்கு எடுத்து நாலு பேரோடு இருப்பவர்களுக்குப் பொட்டலத்தை யார் எடுத்துப் பிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. உறையில் மருந்துப் பெயர் இருக்குமா என்று கேளுங்கள். நேரில் எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பலதுறை மருந்தகமும் கேகேயும்

பலதுறை மருந்தகங்களில் (அரசு பாலிகிளினிக்) குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை உண்டு. ஆனால் மானியம் நமக்கு இல்லை. முழுக் கட்டணம் கட்டிவிட்டு வரிசையிலும் காத்திருக்கவேண்டும் என்றால், மாத்திரைக்காக அங்கே போவதில் லாபமில்லை.

காப்பர்-டி, மிரீனா, கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளானான் என்று வரும்போது கேகே மகளிர், சிறார் மருத்துவமனையோ தனியார் மகப்பேற்று மருத்துவரோ தேவைப்படலாம். பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களும் வைக்கிறார்கள், தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். கேட்கவேண்டிய தொகை மூன்று: கருவியின் விலை, வைக்கும் கட்டணம், ஆறு வாரம் கழித்துப் பார்க்கும் வருகைக்கான கட்டணம். முதல் தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் பில்லில் மற்ற இரண்டையும் சேர்ப்பதால் வரும் சண்டைதான் அதிகம்.

கேகே என்றால் கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம். தேக்கா வட்டாரத்தில் எருமை வளர்த்த காலத்துப் பெயர். 1966-ல் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. பின்னால் "இரண்டு போதும்" என்று அரசே நான்கு மொழியிலும் பிரசாரம் செய்த ஊரில், இன்று குழந்தை பெறத்தான் சலுகை.

ஊரிலிருந்து கொண்டுவருவது

சொந்தப் பயனுக்கு மூன்று மாத மருந்து கொண்டுவரலாம் என்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதி. 28 மாத்திரை அட்டை என்றால் மூன்று. ஓராண்டுக்குப் பன்னிரண்டு அட்டை கட்டிக்கொண்டு வருவது விதியை மீறுவது. கடை உறையைப் பிரிக்காமல், மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கூடவே அம்மா கொடுத்துவிடும் இருமல் மருந்தையும் பாருங்கள். கோடீன் கலந்ததும், தூக்க மாத்திரையும் முன்அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

வாரம் ஒன்று சாப்பிடும் சாயா, அதாவது சஹேலி, லக்னோ ஆய்வகத்தில் பிறந்த மருந்து. இங்கே தேடிப் பயனில்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. ஆகவே தொடங்கும் நிலையில் மூன்று மாதத்துக்கு 26 மாத்திரை, நிலைபெற்றவருக்கு 13. இதையே நம்பியிருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் ஊர் போய்வர முடியாது என்றால், கிளம்பும் முன்பே ஊர் மருத்துவரிடம் கேட்டு வேறு முறைக்கு மாறிவிடுவது நல்லது.

அந்தரா ஊசி போட்டவர்களுக்குச் சிக்கல் குறைவு. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒன்று. இங்கே டெப்போ-புரோவேரா என்று கேட்டால் புரியும். ஊரில் தரும் அட்டையில் கடைசியாகப் போட்ட தேதி இருக்கும். தேதி தவறினாலும் நான்கு வாரம் வரை போட்டுக்கொள்ளலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அட்டை இல்லாவிட்டால் கர்ப்பப் பரிசோதனையிலிருந்து தொடங்குவார்கள்.

செலவைப் பார்த்தால் எங்கள் தேர்வு, விடுப்பில் போகும்போது ஊர் அரசு மருத்துவமனையில் இலவசமாக வைத்துக்கொள்ளும் காப்பர்-டி 380ஏ. பத்து ஆண்டு தாங்கும். ஆனால் டிக்கெட்டுக்கு முந்தின நாள் போய் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரத்தில்தான் நழுவும், வலியும் இரத்தப்போக்கும் அப்போதுதான் அதிகம். விடுப்பின் முதல் வாரத்தில் வைத்து, கிளம்பும் முன் ஒருமுறை அதன் நூல் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டரை மணி நேரம்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஊரில் இரவு 9 மணிக்குச் சாப்பிட்ட மாத்திரை இங்கே 11.30. இரண்டு ஹார்மோன் கலந்த கூட்டு மாத்திரைக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. புது ஊரின் 9 மணிக்கே மாற்றிக்கொள்ளலாம். டெசோஜெஸ்ட்ரெல் மட்டும் உள்ள, பாலூட்டுவோர் சாப்பிடும் மாத்திரைக்கு 12 மணி நேர அவகாசம்தான். இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாறி மாறி வருபவர்கள் "தூங்கும் முன்" என்று பழகாமல் கைப்பேசியில் நிலையான நேரத்துக்கு அலாரம் வைக்கவேண்டும்.

கூட்டு மாத்திரை ஒன்று விட்டுப்போனால், நினைவு வந்ததும் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். ஒரே நாளில் இரண்டு விழுங்கினாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் சாப்பிட்டு, ஏழு நாள் ஆணுறை சேர்த்துக்கொள்ளவேண்டும். அட்டையின் மூன்றாம் வாரத்தில் அப்படி நடந்தால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் நடந்து, உறவும் நடந்திருந்தால் அவசர மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை கணக்கில் இல்லை. புத்தகம் சொல்கிறபடி சாப்பிட்டால் மாத்திரை கிட்டத்தட்டத் தவறவே தவறாது. நடைமுறையில் ஆண்டுக்கு 100 பேரில் 7 பேர் கருத்தரிக்கிறார்கள். அந்த 7-ல் பெரும்பங்கு இந்த விடுபட்ட நாட்கள்தான்.

ஆணுறை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், சீட்டு வேண்டாம். தேங்காய் எண்ணெய் படக்கூடாது, லேடெக்ஸ் பிய்ந்துவிடும்.

அவசரத்துக்கு

ஐ-பில் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை ஊரில் சீட்டில்லாமல் வாங்கலாம் என்பது சட்டம். தமிழ்நாட்டுக் கடைகளில் தேடியவர்களுக்கு அது கிடைக்கும் லட்சணம் தெரியும். இங்கே அதே லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு நல்லது. "எல்லா" என்ற பெயரில் வரும் யூலிப்ரிஸ்டால் மாத்திரை 120 மணி நேரம் வரை. ஆனால் அதைச் சாப்பிட்ட பின் வழக்கமான மாத்திரையை ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி தொடங்கவேண்டும். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது இரண்டையும்விட உறுதி. சனிக்கிழமை இரவு என்றால் 24 மணி நேர மருந்தகத்தையோ தொலைமருத்துவத்தையோ பாருங்கள். திங்கள் வரை காத்திருந்து நேரத்தை விடாதீர்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் பெண்களுக்கு

இவர்களுக்குத்தான் இந்த விஷயத்தில் பிழைக்கு இடமே இல்லை. குடிமகனையோ நிரந்தரவாசியையோ அமைச்சின் அனுமதியோடு மணந்தவர்கள் தவிர, வேலை அனுமதிச் சீட்டில் உள்ள பெண் இங்கே கருத்தரிக்கவோ பிள்ளை பெறவோ கூடாது என்பது சீட்டின் நிபந்தனை. இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமும் பார்க்கப்படுகிறது. நியாயமா என்று கேட்டால் எங்கள் பதில் இல்லை என்பதுதான். ஆனால் விதி அதுதான். எஸ் பாஸுக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கும் இது கிடையாது.

கருத்தடை செய்துகொண்டதை முதலாளியிடம் சொல்லவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விடுப்பு நாளான ஞாயிறில் திறந்திருக்கும் மருந்தகத்துக்குச் சொந்தப் பணத்தில் போய்வரலாம். தினமும் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடமுடியாத வீட்டில் ஊசியோ இம்ப்ளானானோ பொருந்தும். வேலை அனுமதி வழக்கமாக இரண்டு ஆண்டு, இம்ப்ளானான் மூன்று ஆண்டு. ஆகவே அதை எடுப்பது பெரும்பாலும் ஊரில்தான் நடக்கும். எந்தக் கையில், எந்தத் தேதியில் வைத்தார்கள் என்று எழுதித் தரும் சிறு அட்டையைப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். எடுக்கப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.